பலேர்மோ பார்க்கப் போகிறவர்களின் கேள்விகள்: சிசிலியின் பழைய தலைநகரில் எதை, எப்படிப் பார்ப்பது?

இத்தாலி என்றதும் நம்மவர்களின் பயணத் திட்டம் ரோமில் தொடங்கி வெனிஸில் முடிந்துவிடுகிறது. சிசிலித் தீவின் வடக்குக் கரையில் இருக்கும் பலேர்மோவைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களுக்காக, அடிக்கடி எழும் கேள்விகளையும் அவற்றுக்கு என்னால் முடிந்த பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நுழைவுக் கட்டணங்களைக் குறிப்பிடவில்லை. அவை மாறிக்கொண்டே இருக்கும்.

ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் எல்லாம் இருக்க, பலேர்மோவுக்கு ஏன் நாள் ஒதுக்க வேண்டும்?

அந்த ஊர்கள் எதிலும் இல்லாத ஒன்று இங்கே இருப்பதால். அரண்மனைக்குள் ஒரு சிறிய தேவாலயம். கட்டியவன் வடக்கே பிரான்ஸிலிருந்து வந்த நார்மன் குடும்பத்து அரசன். சுவர்களில் பொன் மொசைக் பதித்தவர்கள் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசின் கிரேக்கர்கள். தலைக்கு மேலே மரக்கூரையைச் செதுக்கி வண்ணம் தீட்டியவர்கள் இஸ்லாமியக் கலைஞர்கள். மூன்று தரப்பாரும் ஒரே நூற்றாண்டில், ஒரே அரசனின் பணத்தில் வேலை செய்திருக்கிறார்கள்.

ஊரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் பினீசிய வணிகர்கள் இங்கே துறைமுகம் அமைத்தார்கள். கி.மு. 254இல் ரோமானியர் பிடித்தார்கள். பைசாந்தியர் கையில் இருந்தபோது, 831இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அரபுப் படை கைப்பற்றி, தீவின் தலைநகரமாக்கியது. 973இல் வந்த பயணி இப்னு ஹவ்கல் இங்கே 300க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருப்பதாக எழுதிவைத்தார். 1072இல் நார்மன்கள் நுழைந்தார்கள். பிறகு ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர் என்று ஆட்சி கைமாறி, 1860இல் கரிபால்டியின் படையோடு ஊர் இத்தாலியில் சேர்ந்தது.

இத்தனை கைமாறிய ஊர்கள் மத்தியதரைக் கடலோரத்தில் வேறும் உண்டு. பலேர்மோவின் சிறப்பு, வென்றவன் தோற்றவனின் கைத்தொழிலை விரட்டாமல் தன் அரசவைக்கு வேலைக்கு வைத்துக்கொண்டது. அதன் விளைவு இன்றும் சுவராகவும் கூரையாகவும் நிற்கிறது.

"அரபு-நார்மன்" பாணி என்று எல்லா வழிகாட்டிகளிலும் வருகிறதே, அதை எப்படி அடையாளம் காண்பது?

நார்மன்கள் எண்ணிக்கையில் மிகச் சிறியவர்கள், போர்வீரர்கள். நிலவரிக் கணக்கு எழுதவும் நீர் கொண்டுவரவும் பட்டு நெய்யவும் இங்கிருந்த முஸ்லிம்களும் கிரேக்கர்களும்தான் வேண்டியிருந்தார்கள். 1130ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் முடிசூடிய இரண்டாம் ரோஜர் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். அவருடைய அரசு அலுவலகங்களில் லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றும் நடந்தன. அல்-இத்ரீசி என்ற அறிஞரை அரசவையில் வைத்து, 1154இல் முடிந்த புகழ்பெற்ற உலகப் படத்தை வரையச் செய்தார். அரச பட்டறையில் அவருக்கென நெய்து பூவேலை செய்த மேலங்கியின் ஓரத்தில் அரபு எழுத்தும் ஹிஜ்ரி 528 என்ற ஆண்டும் இருக்கின்றன. அந்த அங்கி இப்போது வியன்னாவில் இருக்கிறது. அதைப் பார்க்க பலேர்மோவில் தேடி அலைய வேண்டாம்.

கட்டடங்களில் கவனிக்க வேண்டியவை சில. சதுரமான கல் உடலின் மேல் அலங்காரமற்ற அரைக்கோளக் குவிமாடம். ஒன்றோடொன்று பின்னிய கூர்வளைவுகள். மூலைகளில் அடுக்கடுக்காகத் தொங்கும் தேன்கூட்டு வடிவச் செதுக்கு வேலை. அரபியில் முகர்னாஸ் என்பார்கள். சுவருக்குள் போனால் பொன் மொசைக். தரையில் நிறக்கல் துண்டுகளால் ஆன வடிவக்கணிதம்.

யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை எவை? எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டுமா?

2015இல் ஒன்பது கட்டடங்கள் ஒரே தொகுப்பாகச் சேர்க்கப்பட்டன. ஊருக்குள் ஏழு: அரச மாளிகையும் அதனுள் இருக்கும் தேவாலயமான கப்பெல்லா பலத்தினாவும், பேராலயம், மர்த்தோரானா, சான் கத்தால்தோ, சான் ஜொவான்னி தெல்யி எரெமித்தி ஆகிய தேவாலயங்கள், சீசா மாளிகை, அம்மிராலியோ பாலம். ஊருக்கு வெளியே இரண்டு: மொன்ரியாலே பேராலயம், செஃபலூ பேராலயம்.

எல்லாம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. என் வரிசையில் கப்பெல்லா பலத்தினா, மொன்ரியாலே, மர்த்தோரானா, சீசா ஆகிய நான்கும் தவறவிடக்கூடாதவை. எரெமித்தியின் ஐந்து சிவப்புக் குவிமாடங்களும் தோட்டமும் அரை மணி நேரத்துக்கு இதமானவை. உள்ளே வெறும் கல்தான். அம்மிராலியோ பாலம் 12ஆம் நூற்றாண்டில் ஒரேத்தோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டது. பிற்பாடு ஆறு திசைமாற்றப்பட்டதால் இப்போது தண்ணீரே இல்லாமல் புல்தரையில் நிற்கிறது. பொறியியலில் ஆர்வம் உள்ளவர்கள் போகலாம்.

பேராலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1185இல் பேராயர் வால்டர் தொடங்கிய கட்டடம் அது. அதே இடத்தில் முன்பு பள்ளிவாசலாகப் பயன்பட்ட கட்டடம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் உள்புறத்தை முழுக்க மாற்றிவிட்டதால் நுழைந்ததும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். வெளியே பாருங்கள். கிழக்குப் பக்கத்துப் பின்னல் வளைவுகள் அற்புதம். தெற்கு வாசல் முகப்பில், இடப்பக்கத் தூண் ஒன்றில் குர்ஆன் வசனம் அப்படியே செதுக்கப்பட்டிருக்கிறது. பக்தர்கள் அதைக் கடந்துதான் பூசைக்குப் போகிறார்கள். உள்ளே அரசர்களின் சிவப்புப் போர்ஃபிரி கல் சவப்பெட்டிகளையும் பார்த்துவிடுங்கள். இரண்டாம் ரோஜரும், அவருடைய பேரனும் புனித ரோமானியப் பேரரசருமான இரண்டாம் ஃபிரெடரிக்கும் அங்கேதான் கிடக்கிறார்கள். மாலை வேளையில் கூரைமேல் ஏறும் சீட்டும் வாங்கினால் மலையும் கடலும் சேர்ந்து தெரியும்.

கப்பெல்லா பலத்தினாவில் கூட்டம் நெருக்குமாமே. உள்ளே போனால் எதைப் பார்ப்பது?

நெருக்கும். சின்ன இடம். காலையில் திறந்ததும் முதல் ஆளாகப் போவதுதான் வழி. ஞாயிறு காலை பூசை நேரத்தில் பார்வையாளர்களை விடுவதில்லை. அரச மாளிகை இன்றும் சிசிலியின் பிராந்தியச் சட்டமன்றமாக இயங்குவதால், மேல்தளத்து அரச அறைகள் வாரத்தின் சில நாட்களில் மட்டுமே திறந்திருக்கும். அந்த அறைகளில் ஒன்றான "ரோஜர் அறை"யில் சிறுத்தைகளும் மயில்களும் பனைமரங்களுமாக மொசைக் இருக்கிறது. அது திறந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள்.

தேவாலயத்துக்கு வருவோம். ரோஜர் 1130களில் தொடங்கி, 1140இல் அர்ப்பணித்தது. குவிமாடத்தின் கிரேக்கக் கல்வெட்டு 1143ஆம் ஆண்டைச் சொல்கிறது. உள்ளே நுழைந்ததும் எல்லோருடைய கண்ணும் எதிரே இருக்கும் கிறிஸ்துவின் முகத்துக்குத்தான் போகும். போகட்டும். ஆனால் நடுக்கூடத்தின் மரக்கூரைக்கு அதைவிட அதிக நேரம் கொடுங்கள். மெல்லிய மரத் தகடுகளை வெட்டி இணைத்து, குகையின் மேற்பரப்பு போல அடுக்கடுக்காக இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு சிறு பரப்பிலும் ஓர் ஓவியம்: யாழ் மீட்டுபவர்கள், ஆடும் பெண்கள், கோப்பையோடு சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் கனவான்கள், சதுரங்கம் ஆடும் இருவர், ஒட்டகம், யானை, வேட்டை நாய்கள். ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் கூரையில் அரபு அரசவையின் கேளிக்கை வாழ்க்கை முழுதும் இருக்கிறது. அக்காலத்து இஸ்லாமிய ஓவியத்தில் இவ்வளவு பெரிய தொகுப்பு வேறெங்கும் மிஞ்சவில்லை.

தரையிலிருந்து வெறுங்கண்ணுக்கு இந்த உருவங்கள் புள்ளிகளாகத்தான் தெரியும். ஒரு சிறிய பைனாகுலர் எடுத்துப் போங்கள். பலேர்மோ பயணத்துக்கு நான் சொல்லும் ஒரே கட்டாயப் பொருள் அதுதான். மொன்ரியாலேயிலும் மர்த்தோரானாவிலும் அதுவே கைகொடுக்கும்.

வெளியே வரும் வழியில், சுவரில் பதித்த ஒரு கல்வெட்டையும் தேடிப் பாருங்கள். ரோஜர் 1142இல் நீர்க்கடிகாரம் ஒன்று செய்யச் சொன்னதை லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் பதிவு செய்கிறது. கடிகாரம் போய்விட்டது, கல்வெட்டு இருக்கிறது.

மர்த்தோரானாவும் சான் கத்தால்தோவும் பக்கத்துப் பக்கத்தில்தானே? ஒன்று போதாதா?

ஒரே மேடையில் தோளோடு தோள் நிற்கின்றன. இரண்டையும் பார்த்தால்தான் ஒவ்வொன்றும் விளங்கும். சான் கத்தால்தோ மொட்டைக் கல். மூன்று குவிமாடம், வெறும் சுவர், பழைய தரை. 19ஆம் நூற்றாண்டில் தபால் அலுவலகமாகக்கூட இருந்திருக்கிறது. அந்த அமைதியில் பத்து நிமிடம் நின்றுவிட்டு மர்த்தோரானாவுக்குள் போனால் பொன்னும் நீலமுமாகக் கண் நிறையும்.

மர்த்தோரானாவைக் கட்டியவர் ரோஜரின் கடற்படைத் தலைவர், அந்தியோக்கியாவின் ஜார்ஜ், ஆண்டு 1143. அரபு நன்கு அறிந்த கிரேக்கக் கிறிஸ்தவர் அவர். இரண்டு மொசைக்குகளைத் தவறவிடாதீர்கள். ஒன்றில் ஜார்ஜ் அன்னை மரியாளின் காலடியில் ஆமைபோலக் கவிழ்ந்து கிடக்கிறார். மற்றொன்றில் கிறிஸ்துவே ரோஜரின் தலையில் முடியை வைக்கிறார். ரோஜரின் முகமும் கிறிஸ்துவின் முகமும் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும். முடி தந்தது போப்பாண்டவர் அல்லர், கடவுள் நேரடியாகத் தந்தார் என்று ஊருக்குச் சொல்லும் அரசியல் படம் அது. குவிமாடத்தின் அடியில் ஓடும் மரச்சட்டத்தில் கிறிஸ்தவத் துதி அரபு எழுத்தில் வரையப்பட்டிருக்கிறது. அரபு பேசிய கிறிஸ்தவர்கள் வழிபட்ட இடம் என்பதற்கு அது சாட்சி.

1184இல் மக்காவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் இங்கே தங்கிய முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர், கிறிஸ்துமஸ் காலத்தில் இந்த ஆலயத்தைக் கண்டு வியந்து எழுதினார். பலேர்மோவின் கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே உடுத்திப் பூசைக்குப் போனதையும் அவர்தான் குறித்துவைத்தார். இன்றும் இங்கே பைசாந்திய முறையில்தான் வழிபாடு. சிசிலியில் குடியேறிய அல்பேனிய வம்சாவளிக் கத்தோலிக்கர்களின் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஆலயம்.

சீசா மாளிகை நகர மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. போகத் தகுமா?

தகும். பேராலயத்திலிருந்து நடந்தே போய்விடலாம். போகும் வழியில் அழகான வீதிகள் இல்லை. 1950களுக்குப் பிறகு ஊரின் பழத்தோட்டங்களையும் மாளிகைகளையும் அழித்து அடுக்குமாடிகள் எழுப்பிய கட்டடக் கொள்ளை இங்கே கண்கூடு. அந்த அடுக்குமாடிகளுக்கு நடுவே திடீரென்று உயரமான செவ்வகக் கல் மாளிகை.

ரோஜரின் மகன் முதலாம் வில்லியம் 1165 வாக்கில் தொடங்கி, அவர் மகன் இரண்டாம் வில்லியம் முடித்த கோடை மாளிகை இது. சுற்றிலும் அக்காலத்தில் வேட்டைக்காடும் தோட்டமும் இருந்தன. கடற்காற்று வரும் கிழக்குத் திசையை நோக்கி மூன்று பெரிய வளைவுகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நடுக்கூடத்தின் சுவரிலிருந்து ஊற்று பீறிட்டு, சரிந்த பளிங்குப் பலகையில் வழிந்து, தரையில் வெட்டிய ஓடை வழியே வெளிக்குளத்துக்குப் போகும். கடற்காற்று குளத்தின் மீதும் ஓடையின் மீதும் தவழ்ந்து குளிர்ந்து உள்ளே வரும். வெப்பக்காற்று சுவருக்குள் விட்ட செங்குத்துக் குழல்கள் வழியே மேலேறி வெளியேறும். நம்மைப்போல வெயிலோடு வாழ்பவர்களுக்கு இந்த அமைப்பை நின்று பார்க்கும்போது தனி மரியாதை வரும்.

உள்ளே இப்போது இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். அங்கே ஒரு சிறிய கல்லறைக் கல் இருக்கிறது. பலேர்மோவில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான பொருள். கிரிசாந்துஸ் என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்காக 1149இல் வைத்தது. தாயின் இறப்பைச் சொல்லும் செய்தி நான்கு பக்கமும்: லத்தீனில், கிரேக்கத்தில், அரபியில், பிறகு எபிரேய எழுத்தில் எழுதிய அரபியில். ஒவ்வொரு பகுதியும் அந்தந்தச் சமூகத்தின் ஆண்டுக்கணக்கைப் பயன்படுத்துகிறது. யார் அந்தத் தெருவழியே போனாலும் அம்மாவின் பெயரைப் படிக்க வேண்டும் என்று ஒரு மகன் ஆசைப்பட்டிருக்கிறான்.

அப்படியானால் எல்லா மதத்தவரும் ஒற்றுமையாக வாழ்ந்த பொற்காலம் என்பது உண்மைதானா?

பாதி உண்மை. மீதிப் பாதியையும் சொல்லாமல் விடுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

அரசவை முஸ்லிம் அறிஞர்களையும் அதிகாரிகளையும் போற்றியது. இரண்டாம் வில்லியம் அரபு படிக்கவும் எழுதவும் தெரிந்தவர் என்று இப்னு ஜுபைர் சொல்கிறார். ஆனால் அதே இப்னு ஜுபைர், மதம் மாற நெருக்கப்பட்டு அஞ்சி வாழ்ந்த முஸ்லிம்களையும் சந்தித்தார். 1161இல் பிரபுக்களின் கலகத்தின்போது பலேர்மோவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1189இல் இரண்டாம் வில்லியம் இறந்ததும் மறுபடி வன்முறை. பிழைத்தவர்கள் மலைகளுக்கு ஓடினார்கள். அங்கே எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கிய இரண்டாம் ஃபிரெடரிக், 1220களிலிருந்து சிசிலி முஸ்லிம்களை இத்தாலிய நிலப்பரப்பில் உள்ள லுசேராவுக்கு நாடு கடத்தினார். அரபு மொழியும் அறிவியலும் விரும்பிய அதே பேரரசர்தான். 1300இல் லுசேராவும் அழிக்கப்பட்டு, மிஞ்சியவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். யூதர்களை ஸ்பானிய அரசின் 1492 ஆணை வெளியேற்றியது. அவர்கள் வாழ்ந்த பகுதியில் இன்று தெருப் பெயர்ப்பலகைகள் இத்தாலியம், எபிரேயம், அரபு மூன்றிலும் இருக்கின்றன. குயில்போல இனிக்கும் சுற்றுலா விளக்கங்களைக் கேட்டபின் அந்தப் பலகைகளின் அடியில் சற்று நின்று இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கூரையைச் செதுக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஊரில் இடம் இல்லாமல் போனது. இது தெரிந்து பார்த்தால் அந்தக் கூரையின் அழகு குறையாது, கனம் கூடும்.

மொன்ரியாலே, செஃபலூ: ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்?

மொன்ரியாலே. இந்திப்பெந்தென்சா சதுக்கத்திலிருந்து நகரப் பேருந்தில் அரை நாளில் போய்வரலாம். இரண்டாம் வில்லியம் 1174 வாக்கில் தொடங்கிய பேராலயம். 6,000 சதுர மீட்டருக்கும் மேல் மொசைக். ஆதியாகமக் கதைகள் சுவரில் படக்கதையாக ஓடுகின்றன: ஆண்டவர் உலகைப் படைப்பது, ஏழாம் நாள் ஓய்வாக உட்கார்ந்திருப்பது, நோவாவின் பேழையில் மிருகங்கள் ஏறுவது என்று. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கதை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்; நன்றாக ஈடுபடுவார்கள். பக்கத்தில் உள்ள மடத்து முற்றத்துக்குத் தனிச் சீட்டு. அங்கே இரட்டை இரட்டையாக நிற்கும் 228 தூண்கள். தூண்தலைச் சிற்பங்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. மூலையில் ஈச்சமர வடிவில் ஓர் ஊற்று.

செஃபலூ ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1131இல் ரோஜர் தொடங்கிய பேராலயத்தின் கிறிஸ்து முகம், கப்பெல்லா பலத்தினா, மொன்ரியாலே, செஃபலூ மூன்றிலும் மிகச் சிறந்தது என்று பலரும் சொல்வது. நானும் அந்தக் கட்சி. கடற்கரையும் இருப்பதால் முழு நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

அரபு-நார்மன் போதும் என்று தோன்றினால் வேறு என்ன?

அபத்தெல்லிஸ் மாளிகை. 1950களில் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா அதை அருங்காட்சியகமாக அமைத்தார். ஒவ்வொரு சிலைக்கும் பின்னால் என்ன நிறம், எந்தச் சன்னல் வெளிச்சம் என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். அந்தோனெல்லோ தா மெஸ்ஸீனாவின் அன்னை மரியாள் ஓவியம் இங்கேதான். விரித்து வைத்த பெரிய பள்ளிக் குறிப்பேடு அளவுக்கு ஒரு பலகை, நீல முக்காடு, பார்ப்பவரை நோக்கி உயர்ந்த ஒரு கை. மரியாளுக்குச் செய்தி கொண்டுவரும் தேவதூதன் படத்தில் இல்லை. அவன் நிற்கும் இடத்தில் நாம் நிற்கிறோம். கீழ்த்தளத்தில் 15ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் "மரணத்தின் வெற்றி": எலும்புக் குதிரைமேல் சாவு பாய்ந்து வந்து செல்வரையும் குருமாரையும் அம்பெய்து சாய்க்கிறது, ஏழைகள் வரச்சொல்லிக் கேட்டும் அவர்களை விட்டுவிடுகிறது. வரைந்தவர் பெயர் தெரியாது.

ஸ்டேரி மாளிகையில் மதவிசாரணை மன்றத்தின் சிறை இருந்தது. 1782இல்தான் சிசிலியில் அம்மன்றம் ஒழிக்கப்பட்டது. கைதிகள் செங்கல் பொடியிலும் புகைக்கரியிலும் சுவரில் வரைந்த புனிதர்களும் கப்பல்களும் கவிதைகளும் இன்றும் இருக்கின்றன. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். மனம் கனக்கும் இடம்.

ஜாக்கொமோ செர்ப்போத்தாவின் வெண்சுதைச் சிற்பங்கள் நிறைந்த சிறு வழிபாட்டுக் கூடங்கள் மூன்று. அவற்றுள் சான் லொரென்சோவில் இருந்த கரவாஜ்ஜோ ஓவியம் 1969 அக்டோபரில் திருடப்பட்டது; இன்னும் கிடைக்கவில்லை. 2015 முதல் அங்கே ஒரு நகல் தொங்குகிறது.

இசை பிடித்தவர்கள் தியேத்ரோ மாஸ்ஸிமோவுக்குப் போகலாம். 1897இல் திறந்த, இத்தாலியின் மிகப் பெரிய ஓபரா அரங்கம். 1974இல் பழுதுபார்க்க மூடி, 1997இல்தான் மறுபடி திறந்தார்கள்.

கபுச்சின் மடத்தின் நிலவறையில் உடல்கள் வரிசையாக நிற்குமாமே. பார்க்கலாமா?

பார்க்கலாம், மனம் ஒப்பினால். ஆயிரக்கணக்கான உடல்கள், வாழ்ந்த காலத்து உடையோடு சுவரோரம் நிறுத்தப்பட்டிருக்கின்றன. குடும்பத்தார் வந்து பார்த்துப் பேசிப் போன இடம் அது. 1920இல் இறந்த இரண்டு வயதுகூட நிரம்பாத ரொசாலியா லொம்பார்தோவின் முகம் தூங்குவது போலவே இருக்கும். படம் எடுக்கத் தடை. சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

பலேர்மோவில் தமிழர்கள் சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுகிறார்களாமே?

உண்மை. 1980களின் போர்க்காலத்திலிருந்து இலங்கைத் தமிழர்கள் இங்கே குடியேறியிருக்கிறார்கள். பெரும்பாலோர் வீட்டுவேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் உழைத்துக் குடும்பத்தை நிறுத்தியவர்கள். ஊருக்கு வடக்கே சுமார் 600 மீட்டர் உயரத்தில் மொந்தே பெல்லெக்ரீனோ மலை. அதன் மேலுள்ள புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறுபவர்களில் தமிழர்கள் எப்போதும் உண்டு. கத்தோலிக்கரும் உண்டு, சைவரும் உண்டு. மலைமேல் குகையில் தனித்திருந்து தவம் செய்த ஒரு பெண்ணிடம் போய் நேர்ந்துகொள்வது நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரொசாலியா 12ஆம் நூற்றாண்டுத் துறவி. 1624இல் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியபோது அவருடைய எலும்புகள் இந்தக் குகையில் கிடைத்ததாகவும், அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்றதும் நோய் தணிந்ததாகவும் நம்பிக்கை. அதுமுதல் அவரே ஊரின் காவல். அந்த ஆண்டு பலேர்மோவில் மாட்டிக்கொண்ட இளம் ஃபிளெமிஷ் ஓவியர் வான் டைக் அவரைப் பலமுறை வரைந்தார். குகைக்குள் கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தகரக் கால்வாய்கள் ஏந்தி எடுத்துப் போவதைப் பாருங்கள். பக்தர்களுக்கு அது தீர்த்தம்.

ஜூலை 14 இரவு பெருவிழா: பேராலயத்திலிருந்து கடற்கரைவரை தேர், வாணவேடிக்கை. குவாத்ரோ கான்தி நாற்சந்தியில் தேர் நிற்கும்போது மேயர் மேலேறி "பலேர்மோ வாழ்க, சாந்தா ரொசாலியா வாழ்க" என்று முழங்குவார். செப்டம்பர் 3 இரவும் 4ஆம் நாளும் மக்கள் கால்நடையாக மலையேறுவார்கள். நீங்களும் பழைய கல்பாதையில் ஏறலாம். தண்ணீர் கொண்டு போங்கள். அங்கே நம்மவர்களைக் கண்டால் பேசுங்கள், தாராளமாக. கும்பிடும் வேளையில் மட்டும் கேமராவைத் தூக்காதீர்கள்.

சைவ உணவு கிடைக்குமா? சந்தைகளில் என்ன சாப்பிடலாம்?

கிடைக்கும், சற்றுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். பல்லரோ, காப்போ இரண்டும் காலையில் உயிரோடு இருக்கும் சந்தைகள். வுச்சிரியா இப்போது பெரும்பாலும் இரவுக் குடியிடம்.

கொண்டைக்கடலை மாவைக் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போட்டுப் பொரித்த பனெல்லே, ரொட்டிக்குள் வைத்துக் கையில் தருவார்கள். புதினா சேர்த்த உருளைக்கிழங்கு உருண்டையும் கூடவே. கத்தரிக்காய், செலரி, கேப்பர், வினிகர், சர்க்கரை சேர்ந்த கப்போனாத்தா நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். எச்சரிக்கை சில: ஸ்ஃபின்சோனே என்ற தடித்த ரொட்டியில் பெரும்பாலும் நெத்திலி மீன் உண்டு. அரன்சீனா என்ற பொரித்த அரிசி உருண்டையை "வெண்ணெய்" வகை என்று கேட்டாலும் உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கலாம். கன்னோலி என்ற இனிப்பின் ஓட்டு மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது பழைய முறை. கண்டிப்பான சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். அசைவத்தில் எதையும் முயலத் துணிந்தவர்களுக்கு, மண்ணீரல் வறுத்து வைத்த ரொட்டி இந்த ஊரின் அடையாளம்.

மாஃபியா ஊர் என்கிறார்களே. பாதுகாப்பா?

சுற்றுலாப் பயணிக்கு ஆபத்து பிக்பாக்கெட்டும் ஸ்கூட்டர்களும்தான். பேருந்திலும் சந்தையிலும் பையை முன்னால் போடுங்கள்.

ஆனால் இந்தக் கேள்வியை அத்தோடு விட எனக்கு மனமில்லை. 1992 மே 23 அன்று நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனேயையும் அவர் மனைவியையும் மூன்று காவலர்களையும் மாஃபியாக்காரர்கள் நெடுஞ்சாலையில் குண்டுவைத்துக் கொன்றார்கள். ஜூலை 19 அன்று அவருடைய நண்பர் நீதிபதி பவுலோ போர்செல்லினோவையும் ஐந்து காவலர்களையும். நீங்கள் வந்திறங்கும் விமான நிலையத்தின் பெயரே அந்த இருவருடையது. 2004இல் சில இளைஞர்கள், மாஃபியாவுக்கு மாமூல் கொடுப்பதை எதிர்த்து இரவோடு இரவாக ஊரெங்கும் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். அதிலிருந்து அத்தியோபித்சோ இயக்கம் பிறந்தது. மாமூல் கொடுக்க மறுக்கும் கடைகளின் வாசலில் அவர்கள் ஒட்டுத்தாள் இருக்கும். அங்கே வாங்குங்கள். மாஃபியா படம் போட்ட சட்டையும் காந்த பொம்மையும் வாங்காதீர்கள். அந்த மரணங்களை இன்னும் சுமக்கும் குடும்பங்கள் இதே தெருக்களில் நடக்கின்றன.

எப்போது போவது? எத்தனை நாள்?

ஏப்ரல் முதல் ஜூன் நடுவரை, அல்லது செப்டம்பர் பிற்பாதியும் அக்டோபரும். ஜூலை, ஆகஸ்டில் ஆப்பிரிக்கப் பக்கமிருந்து வரும் சிரோக்கோ காற்று வீசினால் சென்னை வெயிலே தேவலை என்றாகிவிடும். மூன்று முழு நாள் குறைந்தபட்சம். முதல் நாள் அரச மாளிகை, எரெமித்தி, பேராலயம். இரண்டாம் நாள் காலை மர்த்தோரானா, சான் கத்தால்தோ, பிற்பகல் அபத்தெல்லிஸ். மூன்றாம் நாள் காலை மொன்ரியாலே, மாலை சீசா. நான்காவது நாள் கிடைத்தால் மலைக் கோயில். பல ஆலயங்கள் நண்பகலில் மூடிவிடும் என்பதால் காலையை வீணாக்காதீர்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

எப்படிப் போய்ச் சேர்வது?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும். ரோம் அல்லது மிலான் வழியாக விமானம் மாறி வரலாம். நிலையம் ஊரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ரயிலும் பேருந்தும் உண்டு. நேப்பிள்ஸிலிருந்து இரவுக் கப்பல் இருக்கிறது. நேரம் இருந்தால் ரோமிலிருந்து இரவு ரயிலைப் பரிந்துரைப்பேன்: மெஸ்ஸீனா நீரிணையில் பாலம் இல்லாததால், ரயில் பெட்டிகளையே பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றி அக்கரை சேர்க்கிறார்கள். வாடகைக் கார் எடுத்தால் பழைய நகரத்துக்குள் கட்டுப்பாட்டு வலயம் உண்டு. அனுமதியில்லாமல் நுழைந்தால் கேமரா பிடித்து அபராதம் வீடுவரை வரும். ஊருக்குள் கார் தேவையே இல்லை.

பிள்ளைகளும் வயதானவர்களும் கூட வந்தால்?

பழைய நகரம் பெரும்பாலும் சமதளம். மக்வேதா வீதியின் பெரும்பகுதியிலும் பேராலயம் பக்கத்து வீதியிலும் வண்டி ஓடாது. கல் பாவிய தரை வழுக்கும், நல்ல செருப்பு வேண்டும். வெயில் ஏறியதும் 1795இல் திறந்த தாவரவியல் தோட்டத்துக்குப் போய்விடுங்கள். 1845இல் ஆஸ்திரேலியப் பக்கமிருந்து கொண்டுவந்து நட்ட ஒரு ஃபைக்கஸ் மரம் விழுது இறக்கி ஒரு தோப்பாகவே நிற்கிறது. நம் ஆலமரத்தின் உறவு, நிழலும் அதே குணம்.

மாலையில் பொம்மலாட்டம். சிசிலியின் ஓப்பெரா தெய் பூப்பியை யுனெஸ்கோ 2001இலேயே மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. இரும்புக் கம்பியில் ஆடும் கனத்த மரப் பொம்மைகள், தகரக் கவசம், சார்லிமேன் பேரரசரின் வீரர்களின் கதை. சண்டை வரும்போது ஆட்டுவிப்பவர் பலகையில் காலை ஓங்கி உதைப்பார், தலைகள் உருளும். மொழி புரிய வேண்டிய அவசியமே இல்லை. அந்தோனியோ பாஸ்குவாலினோ பொம்மலாட்ட அருங்காட்சியகத்தில் காட்சி நாட்களை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிறிய அரங்குகள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.